உள்ளத்தையும் அறிந்து கொள்வோம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் உளவியல். மார்க்க உரைகளில் அதிகம் பேசப்படாத விடயம் இது. இச்சொல்லைக் கேட்டவுடன், அது பைத்தியக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். ஈமான் உள்ளவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று வேறு சிலர் கேட்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் நமது வீடுகளுக்குள் சத்தமில்லாமல் எவ்வளவு துன்பத்தை விளைவித்து வருகின்றன என்பதை நாம் உணர்வதில்லை.

நானும் ஒரு காலத்தில் இரண்டாவது எண்ணத்தைக் கொண்டிருந்தவனே. அதன் காரணமாக ஓர் இளைஞனுக்கு நான் இழைத்த தவறை முதலில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகின்றேன். அவரது அனுமதியுடனேயே இதைச் சொல்கின்றேன். ஊரையும் பெயரையும் தவிர்த்துக் கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மஃரிப் தொழுகை முடிந்து நான் பள்ளிவாசலில் அமர்ந்திருந்தபோது, மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை தமது மகனை அழைத்து வந்தார். மகனுக்கு இருபது வயதிருக்கும். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்கவில்லை. அன்று முதல் அறையை விட்டு வெளியே வருவதில்லை; ஒழுங்காக உண்பதில்லை; இரவில் உறக்கமில்லை; ஜும்ஆவுக்கும் வருவதில்லை. "ஹஸரத், இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை.

நானும் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன். அல்லாஹ் தந்த அருட்கொடைகளுக்கு நன்றி மறப்பது பற்றியும், தொழுகையை விடுவோருக்குரிய எச்சரிக்கை பற்றியும் எனக்குத் தெரிந்த அனைத்தையும் எடுத்துரைத்தேன். அவர் தலை நிமிரவேயில்லை. இறுதியில் "சரி ஹஸரத்" என்றார். எனது நஸீஹத் பயனளித்துவிட்டது என்ற திருப்தியோடு நான் வீடு சென்றேன். அவர் என்ன நிலையில் வீடு சென்றார் என்பதை ஓராண்டு கழித்தே அறிந்து கொண்டேன். அதனை உரையின் இறுதியில் சொல்கின்றேன்.

உளவியல் என்பது யாது?

மனிதனின் சிந்தனை, உணர்வு, நடத்தை ஆகியவற்றை அவதானித்தும் பரிசோதித்தும் ஆராய்கின்ற அறிவியலே உளவியல். மனிதன் எவ்வாறு கற்கிறான், எவ்வாறு மறக்கிறான், ஏன் கோபப்படுகிறான், குழந்தை எவ்வாறு வளர்ந்து பெரியவனாகிறது, உள்ளம் எப்போது நோயுறுகிறது என்பனவெல்லாம் அதன் கேள்விகள். எனவே நோய் என்பது இத்துறையின் ஒரு பகுதியே அன்றி முழுமை அன்று.

1879ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெம் வூண்ட் என்பவர் உளவியலுக்கென ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். நவீன உளவியலின் தொடக்கமாக அதையே பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. எனினும் உள்ளத்தைப் பற்றிய ஆய்வு அன்றுதான் பிறந்தது என்று சொல்ல முடியாது. இற்றைக்குச் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பிரதேசத்தில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி (ரஹ்) அவர்கள் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்ற நூலை எழுதினார்கள். உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள் என்பது அதன் பொருள். அவர்கள் ஹிஜ்ரி 322, அதாவது கி.பி. 934இல் மரணித்தவர்கள்.

அந்நூலில் அவர்கள் முன்வைக்கும் கருத்து மிகவும் எளிமையானது. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். ஆகவே உடலுக்கு ஆரோக்கியமும் நோயும் இருப்பது போன்றே உள்ளத்துக்கும் அவை உண்டு. உடல் நோய் எப்போதாவது வருவது. கோபமும் கவலையும் அச்சமுமோ அன்றாடம் வருபவை. அவ்வாறிருக்க, உடலுக்கு வைத்தியம் தேடுவோர் உள்ளத்தைக் கைவிடுவது ஏன்? இதுவே அவர்களது வாதம். கோபம், அச்சம், கவலை, மனதை விடாது வருத்தும் வஸ்வாஸ் எண்ணங்கள் ஆகிய நான்கையும் அவர்கள் வெவ்வேறாகப் பிரித்து ஆராய்கின்றார்கள். கவலையிலும் இரு வகை உண்டு என்கின்றார்கள். ஒன்று, இழப்புப் போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது. மற்றையது, வெளிப்படையான காரணம் எதுவுமின்றி உடலின் உள்மாற்றத்தால் வருவது. இதற்கு உடல் வைத்தியமும் தேவை. இன்றைய உளமருத்துவமும் இதற்கு நெருங்கிய கருத்தையே கூறுகின்றது. ஸூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி (ரஹ்) அவர்கள், தாம் மரணிப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2013இல் இந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள்.

ஆக, இது நமக்கு அந்நியமான துறையன்று. நம் கைநழுவிப் போன ஒரு துறை என்பதே பொருத்தமாகும்.

கற்றலும் மறத்தலும்

முதலில் மாணவ மாணவியருக்கு ஒரு செய்தி. இரவிரவாகப் படித்தும் பரீட்சை மண்டபத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று பலர் கவலைப்படுகின்றனர். இது மூளைக் குறைபாடு அன்று. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனமிட்டுத் தமது மறதியை அளந்து, 1885இல் ஒரு நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணித்தியாலங்களில் மிக வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. மறப்பதற்கு முன் இடைவெளி விட்டு மீட்டினால், ஒவ்வொரு மீட்டலின் பின்னரும் மறதியின் வேகம் குறைகின்றது.

நமது ஹிப்ழு மத்ரஸாக்களில் புதிய பாடத்தோடு பழைய பாடங்களையும் நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்வது இதற்காகவே. அல்குர்ஆனைத் தொடர்ந்து மீட்டி வருமாறும், கட்டிவைத்த ஒட்டகம் தப்பியோடுவதை விட விரைவாக அது உள்ளத்திலிருந்து நழுவக் கூடியது என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. மறதி மனித இயல்பு. மீட்டலே அதற்கு மருந்து.

இன்னுமொரு பரிசோதனை 2006இல் அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக் என்ற இருவரால் வெளியிடப்பட்டது. ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களையும், வாசித்த பின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்தின் பின் வாசித்தவர்களே முன்னணியில் நின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். எனவே இளைஞர்களே, பாடக்குறிப்பைப் பத்துத் தடவை பார்ப்பதிலும், அதை மூடிவைத்து உங்களை நீங்களே வினவிக் கொள்வது பயனுள்ளது. கற்றதை மூளை உறுதிப்படுத்துவதில் உறக்கத்துக்கும் பெரும் பங்குண்டு. உறக்கத்தைக் கொன்று படிப்பது ஓட்டைப் பாத்திரத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பானது.

பழக்கங்களும் இவ்வாறே. 2010இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு புதிய பழக்கம் தானாக நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 250 நாட்களுக்கு மேல் தேவை என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் முயற்சி வீணாகிவிடவில்லை. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை நாம் அறிவோம். ரமழானில் பெருந்திட்டம் தீட்டி ஷவ்வாலில் கைவிடுவோர், நாளொன்றுக்கு ஒரு பக்கம் குர்ஆன் ஓதுவதில் தொடங்குவார்களாயின் அது நிலைக்கும்.

கோபத்தின் வழி

அடுத்தது கோபம். தமக்கு உபதேசம் செய்யுமாறு ஒரு மனிதர் மீண்டும் மீண்டும் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கோபம் கொள்ள வேண்டாம் என்ற ஒன்றையே மீண்டும் மீண்டும் கூறியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. நிற்கும் நிலையில் கோபம் வந்தால் அமருமாறும், அப்போதும் தணியாவிடில் சாய்ந்து படுக்குமாறும் வழிகாட்டிய ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது.

கோபத்தின்போது இதயத் துடிப்பு விரைகின்றது, தசைகள் இறுகுகின்றன, உடல் தாக்குதலுக்கு ஆயத்தமாகின்றது. அமர்வது அந்த ஆயத்தத்தைக் கலைக்கின்றது. கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை உளவியலாளர் பிரட் புஷ்மன் பரிசோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார். தம்மைக் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களின் கோபம், எதுவும் செய்யாது சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்தவர்களின் கோபத்தை விட அதிகமாகவே இருந்தது.

பெற்றோரே, பிள்ளையின் புள்ளி அறிக்கை கைக்குக் கிடைக்கும் அந்தக் கணத்தில் இதனை நினைவிற் கொள்ளுங்கள். அமருங்கள். ஒரு குவளை நீர் அருந்துங்கள். பேச வேண்டியதை இஷாவுக்குப் பின் பேசலாம். வாயிலிருந்து வெளியேறிய சொல்லை எந்த இஷாவிலும் திருப்பிப் பெற முடியாது.

பெற்றோரின் நாவு

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை முதன்முதலில் கற்பிப்பது வீட்டிலுள்ளோர் பேச்சுத்தான். "நீ எதற்கும் உதவாதவன்" என்று நாள்தோறும் கேட்ட பிள்ளை, அதனை ஒரு கருத்தாக அன்றி உண்மையாகவே ஏற்றுக் கொள்கின்றது.

ஏசுதல் மட்டுமன்றிப் புகழ்தலும் பிழைத்துப் போகலாம். கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்டது. முதலில் எளிய புதிர்கள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்ற வகையிலும், மற்றொரு பிரிவினரிடம் 'நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்' என்ற வகையிலும் பாராட்டுச் சொல்லப்பட்டது. பின்னர் கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டு அனைவரும் தோல்வி காணச் செய்யப்பட்டனர். அதன் பின் மீண்டும் எளிய புதிர்கள் தரப்பட்டபோது, கெட்டிக்காரர் எனப் புகழப்பட்டவர்கள் முன்னிருந்ததை விடக் குறைவாகச் செய்தனர்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினர். தமது புள்ளிகளை மற்றப் பிள்ளைகளுக்கு எழுதி அறிவிக்கச் சொன்னபோது, கெட்டிக்காரர் எனப் புகழப்பட்டோரிடையே கூட்டிச் சொன்னவர்களும் அதிகமாக இருந்தனர். இத்தகைய பாராட்டின் விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதில் அடங்கியுள்ள படிப்பினை நமது அனுபவத்தோடு ஒத்துப் போகின்றது. தனது மதிப்பு முழுவதும் புள்ளியில் தங்கியுள்ளது என்று நம்பும் பிள்ளை, தோல்வியைக் கண்டு அஞ்சுகின்றது. அஞ்சும் பிள்ளை மறைக்கக் கற்றுக் கொள்கின்றது.

அப்பிள்ளைகளின் வயதைக் கவனியுங்கள். நமது நாட்டில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளின் வயதுதான் அது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காகப் பத்து வயதுப் பிள்ளையின் முன் தாய் அழுவதையும், பெரிய வாப்பாவின் மகளோடு ஒப்பிட்டு ஏசுவதையும் நாம் கண்டிருக்கிறோம். தமது ஒரு மகனுக்கு மாத்திரம் அன்பளிப்புச் செய்ய வந்த தோழரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று வினவி, பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பொருளில் நீதம் கடமையாயின், அன்பிலும் பாராட்டிலும் அது எவ்வளவு கடமையாகும்!

அனஸ் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபியவர்களுக்குப் பணிவிடை செய்ய வந்தார்கள். பத்தாண்டுகள் பணி செய்தும், 'சீ' என்ற ஒரு சொல்லையோ, ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்ற கண்டனத்தையோ தாம் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அவர்களே அறிவித்தார்கள். பத்து ஆண்டுகள்! நமது வீட்டில் பத்து நிமிடம் அவ்வாறு கழிகின்றதா?

இளமையின் இயல்பு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை திடீரென மாறிவிட்டதாகப் பெற்றோர் முறையிடுகின்றனர். கதவை மூடிக் கொள்கிறான். சிறு சொல்லுக்கும் சினக்கிறாள். நண்பர்களின் பேச்சே வேதவாக்காகிவிட்டது என்கின்றனர். இளமைப் பருவத்தில் உணர்ச்சியும் துணிவும் விரைந்து பெருகுகின்றன. விளைவைச் சிந்தித்து நிதானிப்பதற்குரிய, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்து கொண்டிருக்கின்றது. இளைஞன் தவறு செய்ய உரிமை பெற்றவன் என்பது இதன் பொருளன்று. பருவமடைந்தவன் அல்லாஹ்விடம் பொறுப்புக் கூற வேண்டியவனே. அவனுக்கு வழிகாட்டுபவர் அவனை விட நிதானமாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

விபசாரத்துக்குத் தமக்கு அனுமதி தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட இளைஞரின் சம்பவம் முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. சபையில் இருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமரச் செய்தார்கள். உமது தாய்க்கு இதனை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவரே இல்லை என்றார். பின்னர் அவர் மீது கையை வைத்து அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். அதன் பின் அவரது உள்ளம் அப்பாவத்தின் பக்கம் திரும்பவில்லை.

இச்சம்பவத்தில் உளவியலின் சாரம் அனைத்தும் அடங்கியுள்ளது. தவறான கேள்வியைக் கேட்டவர் விரட்டப்படவில்லை. விடை அவர் மீது திணிக்கப்படவுமில்லை. அவரது உள்ளத்திலிருந்தே அது வெளிக்கொணரப்பட்டது. நம் பிள்ளை இத்தகையதொரு கேள்வியோடு நம்மிடம் வருமா? வராதாயின், அது யாரிடம் செல்கின்றது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

கவலையும் நோயும்

அன்பார்ந்த நேயர்களே! கவலைப்படுவது ஈமானின் குறைவு அன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதை ஸூரத்து யூஸுபின் 84ஆவது வசனம் கூறுகின்றது. பிரசவ வேதனையும் ஊராரின் பழியும் ஒருசேர நெருக்கியபோது, தாம் இதற்கு முன்பே மரணித்திருக்கக் கூடாதா என்று மர்யம் (அலை) அவர்கள் ஏங்கியதை ஸூரத்து மர்யமின் 23ஆவது வசனம் எடுத்துரைக்கின்றது. அந்த ஏக்கத்துக்கு அவர்கள் கண்டிக்கப்பட்டார்களா? இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வந்தது. பின்னர் காலடியில் நீரோடையும், தலைக்கு மேல் பேரீச்சம்பழமும், உண்டு பருகுமாறு கட்டளையும் வந்தன. மக்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற வழிகாட்டல் அதற்கும் பின்னரே வந்தது. துயரத்தில் இருப்பவரிடம் எதனை முதலில் கொண்டு செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

எனினும் எல்லாத் துயரமும் ஒன்றன்று. சாதாரண கவலை காலத்தோடு தணிகின்றது. மனச்சோர்வு என்பது நோய். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியில் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை நீடித்து, அதனோடு உறக்கமும் பசியும் மாறி, சோர்வு மேலிட்டு, கவனம் சிதறி, தான் பயனற்றவன் என்ற குற்றவுணர்வோ மரணத்தைப் பற்றிய எண்ணமோ சேருமாயின், அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உளவளத்துணையாலும் மருந்தாலும் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்க முடியும். மருந்து பயன் தரச் சில வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்தக் கூடாது.

நம் சமூகத்தில் இதற்குத் தடையாக நிற்பது வெட்கம். ஒருவரைக் கேலி செய்ய "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்" என்று சொல்லும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அங்கொடையில் உள்ளது தேசிய மனநல நிறுவகம். நோயாளிகளைக் குணப்படுத்தும் ஓர் அரச வைத்தியசாலை. இருதய நோய்க்கு வைத்தியசாலை செல்வதை மறைக்காத நாம், உள்ளத்தின் நோயை மாத்திரம் மகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி மூடி மறைக்கின்றோம்.

வேறு சிலர், இது ஜின்னின் வேலை, சூனியம் என்று கூறி ஊரூராக அலைந்து மாதக்கணக்கைக் கழிக்கின்றனர். குர்ஆனை ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை, அது ஷிபாதான். நோயுற்றால் மருத்துவம் செய்யுமாறு கூறியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. ஓதுவதும் மருந்து உண்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கி.பி. 1095இல், பக்தாத் நிழாமிய்யாவின் தலைசிறந்த ஆசிரியராக இருந்தபோது, கடும் உள்நெருக்கடிக்கு ஆளானார்கள். பாடம் நடத்த நா எழவில்லை, உணவு செரிக்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்து, உள்ளத்தில் நேர்ந்தது உடலுக்குப் பரவியுள்ளது என்றும், உள்ளம் ஆறுதல் பெற்றாலன்றி இதற்கு வழியில்லை என்றும் முடிவு செய்தனர். இதனை 'அல்முன்கித் மினழ் ழலால்' என்ற தமது நூலில் இமாமவர்களே வெட்கமின்றி எழுதி வைத்துள்ளார்கள். அதனை இன்ன நோய் என நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று நாம் போற்றும் ஓர் அறிஞருக்கே உள்ளம் களைத்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு அது நேர்வதில் இழுக்கு என்ன இருக்கின்றது?

அதிலும் நமது சமூகம் பெருந்துயரங்களைக் கடந்து வந்த சமூகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டோரும், 2004 டிசெம்பர் 26இல் மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா போன்ற ஊர்களில் கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்தோரும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆழிப்பேரலையின் பின்னரே, 2005இல், உளநல சேவையை ஊர் மட்டத்துக்குக் கொண்டு செல்லும் தேசியக் கொள்கை இந்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சையை இலவசமாகப் பெறலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். உங்கள் பிள்ளையோ நண்பரோ வாழ்வில் விருப்பமில்லை என்று பேசினால், அதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். தற்கொலை ஹராம் என்பதை அவரும் அறிவார். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஃபத்வா அல்ல, துணை. அவரைத் தனிமையில் விடாதீர்கள், பேசுவதைக் கேளுங்கள், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே, அவ்வாறு உணர்பவர் நீங்களாக இருப்பின், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே வாய் திறந்து சொல்லுங்கள். அந்த எண்ணம் நோயின் குரல். நோய் தணியும்போது அதுவும் தணியும்.

அந்த இளைஞர் சொன்னது

தொடக்கத்தில் குறிப்பிட்ட இளைஞரிடம் திரும்புகின்றேன். ஓராண்டின் பின் அவர் என்னைத் தேடி வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. ஸலாம் கூறி அமர்ந்தார். அவரது மாமா அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றதையும், மனச்சோர்வு எனக் கண்டறியப்பட்டு சில மாதங்கள் சிகிச்சை பெற்றதையும் கூறினார். பின்னர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஹஸரத், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தொழாததனால் அந்த நிலைக்கு ஆளாகவில்லை. அந்த நிலைக்கு ஆளானதனால்தான் என்னால் தொழ முடியவில்லை. அன்று உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பும்போது, அல்லாஹ்வும் என்னைக் கைவிட்டுவிட்டான் என்றே நினைத்தேன்."

நேயர்களே, அச்சொல்லைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். அல்லாஹ்வின் அருளை நினைவூட்ட வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, ஓர் அடியானை அவனது அருளில் நிராசை கொள்ளச் செய்துவிட்டேனே! நான் கூறிய எதுவும் மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை நான் கேட்கவில்லை. 'மகனே, உனக்கு என்ன நடந்தது?' என்ற அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவேயில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மிகவும் உதவியது எது என்று வினவினேன். வைத்தியரைச் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: "வைத்தியமும்தான் ஹஸரத். அதற்கு முன்னால், உம்மா ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் தேநீர் கொண்டு வந்து கதவோரத்தில் உட்காருவார். ஒன்றும் கேட்க மாட்டார். புத்தியும் சொல்ல மாட்டார். நான் குடித்து முடிக்கும் வரை இருப்பார். ஒரு நாள் நானாகவே பேசினேன். அடுத்த நாளே மாமாவை வரவழைத்தார்."

அந்தத் தாய் உளவியல் நூல் எதையும் படித்தவரல்லர். பிள்ளையின் செயலைத் தீர்ப்பிடுவதற்கு முன் அவனது உள்ளத்தின் அருகில் அமர்ந்தார். காத்திருந்தார். தம்மால் இயலாதது என அறிந்ததும், இயன்றவரிடம் ஒப்படைத்தார். நான் இன்று கூறியவற்றின் சுருக்கமும் இதுவே.

ஆகவே, இன்றிரவு உங்கள் வீட்டில் ஒன்றைச் செய்யுங்கள். கைத்தொலைபேசியை ஒருபுறம் வைத்துவிட்டு, நீண்ட நாள் பேசாதிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் சற்று நேரம் அமருங்கள். இளைஞர்களே, நீங்கள் உங்கள் வாப்பாவின் அருகில் அமருங்கள். அவருடைய உள்ளத்திலும் யாரிடமும் சொல்லாத பாரங்கள் இருக்கும். உபதேசம் நாளைக்கும் இருக்கின்றது.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை அமைதி பெற்ற உள்ளங்களாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாகவும், எங்களை அவர்களுக்கு நிழலாகவும் ஆக்குவாயாக! உள்ளத்தாலும் உடலாலும் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வாயாக! எங்கள் நாவினால் காயப்பட்ட உள்ளங்களின் விடயத்தில் எங்களை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.